ஹெட் கேஸ்கெட் மாற்றியும் நிற்காத குமிழி: 12 டயர் லாரி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

நாமக்கல்லைச் சேர்ந்த 12 டயர் லாரி. ஆறு சிலிண்டர் டர்போ டீசல் இன்ஜின், வெட் லைனர் (சிலிண்டர் குழாயின் வெளிப்புறத்தைக் குளிர்விக்கும் தண்ணீர் நேராகத் தொடும் வகை). பிஎஸ்-4 காலத்து வண்டி. யூரியா ஊற்றும் வகை, இஜிஆர் (எரிந்த வாயுவில் ஒரு பங்கை இன்ஜினுக்கே திருப்பிவிடும் அமைப்பு) கிடையாது. சங்ககிரியில் சிமென்ட் ஏற்றிக்கொண்டு பெங்களூரு, ஓசூர் பக்கம் இறக்கிவிட்டு, கிடைத்த லோடோடு திரும்பும். போகும்போது தொப்பூர் கணவாயில் ஏற்றம், வரும்போது அதே கணவாயில் இறக்கம். புதிதாக எடுத்த நாள் முதல் ஒரே ஓட்டுநர்தான் வைத்திருக்கிறார்.

ஜனவரி வாக்கில் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) குறைய ஆரம்பித்திருக்கிறது. முதலில் டிரிப்புக்கு அரை லிட்டர், அப்புறம் ஒரு லிட்டர், பிறகு இரண்டு. வண்டிக்கு அடியில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. சைலன்சரில் வெள்ளைப் புகை இல்லை. இன்ஜின் ஆயில் பால் மாதிரி ஆகவும் இல்லை. தண்ணீர் எங்கே போகிறது என்று தெரியாமலேயே ஒரு மாதம் ஓடியிருக்கிறது.

பிப்ரவரியில் டெம்பரேச்சர் முள் ஏறத் தொடங்கியதும் ஒரு பட்டறையில் விட்டிருக்கிறார்கள். அங்கே கூலன்ட் டேங்க் மூடியைத் திறந்து இன்ஜினை ஓட்டியிருக்கிறார்கள். உள்ளே குமிழி வந்திருக்கிறது. ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு) போய்விட்டது என்று முடிவு செய்து ஹெட்டை இறக்கி, அடிப்பரப்பைச் சமமாக்க ஃபேஸிங் போட்டு, புது கேஸ்கெட் வைத்துக் கட்டிக் கொடுத்தார்கள். பத்து நாளில் அதே குறை திரும்பியது. அடுத்து ரேடியேட்டரைப் பிரித்து ராடிங் செய்தார்கள் (குழாய்களில் கம்பி விட்டுச் சுத்தம் செய்வது), மூடியை மாற்றினார்கள், கடைசியில் தெர்மோஸ்டாட்டையே (சூடேறியதும் கூலன்ட்டை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வு) கழற்றி எறிந்தார்கள். அதற்கும் அடங்கவில்லை. பிளாக்கில் கீறல் இருக்கும், இன்ஜினை முழுசாக இறக்க வேண்டும் என்று சொன்ன பிறகுதான் முதலாளி வண்டியை எங்கள் பட்டறைக்குக் கொண்டுவந்தார். ஏப்ரல் மாதம், நல்ல வெயில்.

முதலில் பார்த்த பட்டறையைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. கூலன்ட்டில் குமிழி என்றால் கை முதலில் ஹெட் கேஸ்கெட்டுக்குத்தான் போகும். எனக்கும் பல வருடம் அப்படித்தான் போனது. குமிழி இருந்ததும் உண்மைதான். அது எங்கிருந்து வரும் காற்று என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

ஓட்டுநர் சொன்னது

வண்டியில் கை வைக்கும் முன் ஓட்டுநரோடு அரை மணி நேரம் உட்கார்ந்து பேசினேன். வண்டியை எடுத்த நாளிலிருந்து ஓட்டுகிறவருக்கு எந்தச் சத்தம் புதுசு, எது பழசு என்று தெரியும்.

மூன்று விஷயம் சொன்னார். ஒன்று, டெம்பரேச்சர் முள் ஏறுவது மட்டுமல்ல, சில சமயம் திடீரென்று கீழே விழுந்து, மறுபடி துள்ளி மேலே போகிறது. இரண்டு, காலையில் முதல் ஒரு மணி நேரம் எந்தத் தொந்தரவும் இல்லை. மூன்றாவதைச் சொல்லும்போது அவருக்கே கொஞ்சம் தயக்கம்: "தொப்பூர் ஏத்தத்துல கூட அவ்வளவு இல்லீங்க. திரும்பி வர்றப்ப இறக்கத்துல வந்து நிறுத்துனாத்தான் டேங்க் பொங்குதுங்க. இதைச் சொன்னா யாரும் நம்ப மாட்டேங்கறாங்க."

முள் திடீரென்று விழுவது கூலன்ட்டில் காற்று இருப்பதற்கான நல்ல அடையாளம். சென்சாரின் முனை தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் சரியான அளவு காட்டும். காற்றுப் பை ஒன்று அதைச் சூழ்ந்துகொண்டால், இன்ஜின் கொதித்துக்கொண்டிருக்கும்போதே முள் இறங்கும். முள் இறங்கிவிட்டது என்று நிம்மதியாக ஓட்டுவதுதான் இன்ஜினைச் சாகடிக்கும்.

மூன்றாவது விஷயத்தை நான் நோட்டில் எழுதி வைத்தேன், ஆனால் அதன் எடை அன்று எனக்குப் புரியவில்லை. ஹெட் கேஸ்கெட் வழியாக எரிந்த வாயு புகுந்தால் ஏற்றத்தில்தான் அதிகம் புக வேண்டும். சிலிண்டருக்குள் அழுத்தம் உச்சத்தில் இருப்பது அப்போதுதான். இறக்கத்தில் இன்ஜினுக்கு வேலையே இல்லை. வேலை இருப்பது பிரேக்குக்கு.

இன்னொன்று. கழற்றிய பழைய கேஸ்கெட்டைத் தூக்கிப் போடாமல் டூல் பாக்ஸில் வைத்திருந்தார். அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஆறு சிலிண்டரையும் சுற்றியிருந்த உலோக வளையங்கள் ஒரே சாம்பல் நிறம். வாயு பீறிட்டிருந்தால் வளையத்திலிருந்து தண்ணீர்த் துளை வரை கரிக்கோடு ஒன்று ஓடியிருக்கும். அப்படி எதுவும் இல்லை.

முதல் நாள்

இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு எக்ஸ்பான்ஷன் டேங்க் (கூலன்ட் டேங்க்) மூடியைத் திறந்தோம். மட்டம் மூன்று விரல் கீழே. சிவப்பாக இருக்க வேண்டிய கூலன்ட், போர் தண்ணீர் ஊற்றி ஊற்றி வெளுத்து, பழுப்பு கலந்த வெளிர் சிவப்பாகிவிட்டது. மேலே மெல்லிய எண்ணெய்ப் படலம். டார்ச் அடித்தால் வானவில் நிறம் தெரிகிற அளவு, அவ்வளவுதான்.

கைப்பம்பு போட்டு, மூடியில் அச்சிட்டிருந்த அளவான 0.7 பாருக்கு அழுத்தம் ஏற்றினோம். ஹோஸ், கிளாம்ப், வாட்டர் பம்ப்பின் கசிவுத் துளை, ரேடியேட்டர் ஓரம் எல்லாம் காய்ந்து கிடந்தன. அரை மணி நேரத்தில் பம்ப்பின் முள் ஒரு கோட்டு அகலம் இறங்கியிருந்தது. வெளியே ஒழுகவில்லை, ஆனால் அழுத்தம் குறைகிறது என்றால் உள்ளே எங்கோ போகிறது. சிலிண்டருக்குள் போகலாம், ஆயிலுக்குள் போகலாம். மூன்றாவதாக ஒரு இடமும் உண்டு. அதை அன்று நாங்கள் பார்க்கவில்லை.

அழுத்தம் ஏன் இவ்வளவு முக்கியம் என்று ஒரு வரி. தண்ணீர் சாதாரணமாக 100 டிகிரியில் கொதிக்கும். மூடி 0.7 பார் பிடித்து வைத்தால் 115 டிகிரி வரை கொதிக்காது. அந்த 15 டிகிரிதான் ஹெட்டில் எக்ஸாஸ்ட் வால்வு சீட்டைச் சுற்றியுள்ள இடத்தைக் காப்பாற்றுகிறது. காற்று புகுந்தால் மூடி அதைத் தாங்காமல் திறந்து கூலன்ட்டை வெளியே தள்ளும்; மட்டம் குறையும்; வாட்டர் பம்ப் தண்ணீருக்குப் பதில் நுரையைத் தள்ள ஆரம்பிக்கும்.

பாட்டில் சோதனை

மறுநாள் டேங்க் கழுத்தில் உள்ள ஓவர்ஃப்ளோ குழாயில் ஒரு தெளிவான பிளாஸ்டிக் டியூபை மாட்டி, அதன் நுனியைத் தண்ணீர் பாட்டிலுக்குள் மூழ்க வைத்தோம். மூடி இருந்த இடத்தில் அடைப்பு மூடி போட்டோம். உள்ளிருந்து வருவது எல்லாம் பாட்டில் வழியாகத்தான் போயாக வேண்டும்.

இந்தச் சோதனையில் பலரும் அவசரப்படும் இடம் ஒன்று உண்டு. குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து சூடேறும்வரை பாட்டிலில் குமிழி வந்தே தீரும். கூலன்ட் சூட்டில் விரிந்து, டேங்கின் மேல்பகுதியில் இருக்கும் காற்றைத் தள்ளுகிறது. நல்ல இன்ஜினிலும் வரும். அதைப் பார்த்துவிட்டு ஹெட்டைக் கழற்றினால் தப்பு. டெம்பரேச்சர் ஒரு இடத்தில் நிலைத்து, பத்து நிமிடம் அப்படியே ஓடிய பிறகு வருகிற குமிழிதான் கணக்கு.

தெர்மோஸ்டாட் இல்லாததால் நிலைக்கவே முக்கால் மணி நேரம் ஆனது. நிலைத்தது. குமிழி நிற்கவில்லை, பட்டாணி அளவில் சீராக வந்துகொண்டே இருந்தது. அடுத்து எரிந்த வாயுவைக் காட்டும் நீலத் திரவத்தை டேங்க் கழுத்தில் வைத்துப் பார்த்தோம். எரிந்த வாயுவில் உள்ள கார்பன் டை ஆக்சைடு பட்டால் அது பச்சையாகி மஞ்சளுக்குப் போகும். நீலமாகவே இருந்தது. டீசல் இன்ஜின் ஐடிலில் எரிக்கும் டீசல் மிகக் குறைவு, காற்றுதான் அதிகம்; அதனால் ஐடிலில் நிறம் மாறாததை வைத்து ஹெட்டை விடுவித்துவிட முடியாது. ஆர்பிஎம் ஏற்றி மறுபடி பார்த்தோம். நீலம்தான்.

குழப்பமாக இருந்தது. குமிழி உண்டு, எரிந்த வாயு இல்லை. வாட்டர் பம்ப்பின் உறிஞ்சும் பக்கம் காற்றை இழுக்கலாம் என்று நினைத்து, கீழ் ஹோஸ் கிளாம்ப்பை இறுக்கினோம், சோப்புத் தண்ணீர் அடித்தோம். மாற்றமில்லை.

அப்போது பாட்டிலைப் பிடித்துக்கொண்டிருந்த பையன், வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை, சொன்னான்: "அண்ணா, புஸ்ஸுன்னு ஏர் கட் ஆனதும் குமிழி நின்னு போச்சுங்ணா."

எல்லோரும் அப்படியே நின்றோம். ஒரு நிமிடத்துக்குப் பிறகு குமிழி மறுபடி தொடங்கியது.

உறுதி செய்தது

பிரேக்குக்குக் காற்று கொடுக்கும் ஏர் கம்ப்ரஸர் இன்ஜினோடு சேர்ந்து சுற்றுவது. அதன் ஹெட்டும் இன்ஜின் கூலன்ட்டால்தான் குளிர்கிறது. ஏர் டேங்கில் அழுத்தம் சுமார் 8 பார் வந்ததும் ஏர் ட்ரையர் (காற்றிலுள்ள ஈரத்தை எடுக்கும் பகுதி) புஸ்ஸென்று வெளியே விடும்; இதைத்தான் ஏர் கட் என்கிறோம். அதற்கப்புறம் கம்ப்ரஸர் சும்மா சுற்றும், அதன் ஹெட்டில் அழுத்தம் இருக்காது. டேங்க் அழுத்தம் 7 பார் பக்கம் இறங்கியதும் மறுபடி காற்றடிக்கும். கம்ப்ரஸரின் ஹெட்டில் காற்றுக்கும் தண்ணீருக்கும் நடுவே இருக்கும் தடுப்பு போய்விட்டால், 8 பார் காற்று 0.7 பார் மட்டுமே தாங்கும் கூலிங் சிஸ்டத்துக்குள் நேராகப் பாயும். அது ஏர் ஃபில்டர் வழியாக வந்த சுத்தமான காற்று. நீலத் திரவத்தின் நிறம் எப்படி மாறும்?

சந்தேகம் போதாது, ஏற்கெனவே ஒரு தடவை சந்தேகத்தின் பேரில்தான் இந்த வண்டியின் ஹெட் இறங்கியது. அதனால் இரண்டு சோதனை செய்தோம்.

முதலாவது கடிகாரம் வைத்து. டயர்களுக்குக் கட்டை வைத்துவிட்டு, பிரேக் பெடலை மிதித்து அழுத்தத்தை இறக்கினோம். கம்ப்ரஸர் காற்றடிக்கத் தொடங்கியதும் குமிழி தொடங்கியது. ஏர் கட் ஆன சில விநாடிகளில் நின்றது. ஐந்து தடவையும் ஒரே மாதிரி. இரண்டாவது, கம்ப்ரஸரிலிருந்து போகும் டெலிவரி பைப்பைக் கழற்றி, காற்றை வெளியே விட்டு ஓட்டினோம். ஹெட்டில் அழுத்தம் சேரவே வழியில்லை. 1,500 ஆர்பிஎம்மில் கால் மணி நேரம் ஓடியும் பாட்டிலில் ஒரு குமிழி இல்லை.

அப்புறம்தான் முதல் நாள் பார்க்காமல் விட்ட இடத்துக்குப் போனேன். ஏர் டேங்கின் வடிகால் வளையத்தை இழுத்து, அடியில் ஒரு வெள்ளைத் துணியைப் பிடித்தேன். சாதாரணமாகக் கொஞ்சம் ஈரமும் எண்ணெய்ப் பிசுக்கும் வரும். வந்தது வெளிர் சிவப்புத் தண்ணீர். விரலில் தேய்த்தால் கூலன்ட்டின் அந்த வழவழப்பு. இன்ஜினை நிறுத்தியதும் நிலைமை தலைகீழாகிறது: கம்ப்ரஸருக்குள் அழுத்தம் இல்லை, சூடான கூலன்ட்டில் அழுத்தம் இருக்கிறது. அதே ஓட்டை வழியாகக் கூலன்ட் கம்ப்ரஸருக்குள் இறங்கி, காலையில் ஸ்டார்ட் செய்ததும் காற்றோடு சேர்ந்து பிரேக் லைனுக்குள் போகிறது. மூன்று மாதமாகக் காணாமல் போன தண்ணீர் இங்கேதான் இருந்தது.

ஓட்டுநரின் முகம் மாறிவிட்டது. "தினமும் வடிக்கறப்ப தண்ணி வந்துச்சுங்க. காத்துல இருக்கற ஈரம்னு விட்டுட்டேன்." தொப்பூர் இறக்கத்தில் முழு லோடோடு இந்தப் பிரேக்கை நம்பித்தான் அவர் இத்தனை நாள் வந்திருக்கிறார். இன்ஜின் கொதிப்பதைவிட எனக்கு அதுதான் கலக்கமாக இருந்தது.

கழற்றிப் பார்த்தபோது

கம்ப்ரஸர் ஹெட்டைக் கழற்றினோம். காற்று வெளியேறும் அறைக்கும் தண்ணீர் அறைக்கும் நடுவே கேஸ்கெட் சுண்டுவிரல் அகலத்துக்குக் கருகி அரித்திருந்தது. நேர்கோல் வைத்துப் பார்த்ததில் ஹெட்டும் வளைந்திருந்தது.

கேஸ்கெட் மாற்றினால் குறை போய்விடும்தான். ஆனால் அது ஏன் கருகியது? டெலிவரி பைப்பின் வாயைப் பார்த்தால் பதில் இருந்தது. உள்ளே கரி படிந்து, பென்சில் நுழைகிற அளவுக்குத்தான் வழி. குறுகிய வழியில் காற்றைத் தள்ளும்போது கம்ப்ரஸர் ஹெட் அளவுக்கு மீறிச் சூடாகும். சூட்டில் எண்ணெய் ஆவி இன்னும் கரியாகும். வழி இன்னும் குறுகும். சரி, முதலில் கரி ஏன் படிந்தது?

ஏர் டேங்கில் வெளியிலிருந்து காற்று ஏற்றி, பெடலைத் தொடாமல் ஏர் மீட்டரை மட்டும் பார்த்தோம். 8 பார் நான்கே நிமிடத்தில் 7-க்கு வந்தது. சோப்புத் தண்ணீரில் பின்பக்க டேங்க் அருகே ஒரு பைப் யூனியன் கசிந்தது. பெடலை மிதித்தபோது பின்சக்கர பிரேக் சேம்பர் ஒன்றில் டயாஃப்ரம் (ரப்பர் தடுப்பு) கிழிந்து காற்று சீறியது. அதாவது நெடுஞ்சாலையில் பெரும்பாலும் சும்மா சுற்ற வேண்டிய கம்ப்ரஸர் ஓயாமல் காற்றடித்திருக்கிறது. இறக்கத்தில் பெடலை மிதிக்க மிதிக்க இன்னும் அதிகம். ஓட்டுநர் முதல் நாளே சொன்னது இதுதான். யாரும் நம்பவில்லை என்று அவர் சொன்ன பட்டியலில் அன்று நானும் சேர்ந்திருந்தேன்.

எடுத்த முடிவுகள்

முதலாளி போனில், "கேஸ்கெட்டை மட்டும் மாத்திவிட்டுருங்க, வண்டி நின்னு அஞ்சு நாள் ஆச்சுங்க" என்றார். அவர் பக்கமும் நியாயம் உண்டு. ஏற்கெனவே ஹெட் இறக்கிய செலவு, தவணை. ஆனாலும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த வெள்ளைத் துணியைப் படம் எடுத்து அனுப்பினேன். அடுத்த அழைப்பில் வேறு பேச்சில்லை: "செய்யுங்க."

வளைந்த ஹெட்டில் புது கேஸ்கெட் நிற்காது என்பதால் கம்ப்ரஸரையே மாற்றினோம். டெலிவரி பைப்பைச் சுத்தம் செய்து போடலாம் என்று ஒரு யோசனை வந்தது. உள்ளே விடுபட்ட கரித்துண்டு ஒன்று ட்ரையர் வால்வில் போய் உட்கார்ந்தால் என்ன ஆவது? புதுசு போட்டோம். ட்ரையர் கார்ட்ரிட்ஜ் நனைந்து, உள்ளிருந்த ஈரம் உறிஞ்சும் மணிகள் பொடிந்திருந்தன, அதையும் மாற்றினோம். டேங்குகளை முழுசாக வடித்து, பிரேக் வால்வுகளைப் பிரித்துப் பார்த்தோம். கூலன்ட் கிரீஸைக் கழுவிவிட்டிருந்த இரண்டு வால்வுகளுக்கு ரிப்பேர் கிட் போட்டோம். யூனியன், டயாஃப்ரம் மாற்றியபின் அதே சோதனையில் மீட்டர் முள் அரை மணி நேரமும் அசையவில்லை.

தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் போட்டோம். சூட்டைக் குறைக்க அதைக் கழற்றுவது நம் பக்கத்தில் பரவலான பழக்கம். இந்த மாதிரி இன்ஜினில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது பைபாஸ் வழியை அடைக்கவும் செய்கிறது. அதைக் கழற்றினால் பைபாஸ் எப்போதும் திறந்தே இருக்கும். கூலன்ட்டில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமலே இன்ஜினுக்குள் சுற்றிவரும். ஏற்றத்தில் சூடு குறையாது, கூடும்.

நிரப்பும்போது நாங்கள் செய்த தவறு

பழைய தண்ணீரை இரண்டு முறை கழுவி வெளியேற்றி, பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் ஊற்றினோம். இருட்டிக்கொண்டிருந்தது, வண்டியை அனுப்பும் அவசரம். காற்று வெளியேறும் மேல் திருகைத் திறக்காமல் வேகமாக ஊற்றிவிட்டோம். சோதனை ஓட்டத்தில் டெம்பரேச்சர் முள் ஒரு தடவை விழுந்து துள்ளியது.

அந்த ஐந்து நிமிடம் வயிற்றைப் பிசைந்தது. எல்லாம் தப்பா என்று தோன்றியது. பாட்டிலை மறுபடி மாட்டினோம். கம்ப்ரஸர் காற்றடித்தாலும் அடிக்காவிட்டாலும் குமிழி ஒன்றிரண்டுதான், அதுவும் குறைந்துகொண்டே வந்து நின்றது. புதுக் காற்று எதுவும் வரவில்லை, நாங்கள் அடைத்து வைத்த காற்றுதான் அது. ஆறவிட்டு, முன்சக்கரங்களை மேட்டில் ஏற்றி, மேல் திருகைத் திறந்து, குமிழி இல்லாமல் கூலன்ட் ஒழுகும்வரை மெதுவாக ஊற்றினோம். தெர்மோஸ்டாட் திறக்கும்வரை ஓட்டி, ஆறியபின் மறுபடி மட்டம் பார்த்தோம். இன்னும் கிட்டத்தட்ட ஒன்றரை லிட்டர் பிடித்தது.

அதன் பிறகு

அடுத்த டிரிப்பில் ஓட்டுநர் தொப்பூர் இறக்கம் முடிந்ததும் ஓரமாக நிறுத்தி போன் செய்தார். பொங்கவில்லை, முள் நடுவிலேயே நிற்கிறது என்றார். மூன்று மாதம் கழித்து சர்வீஸுக்கு வந்தபோது டேங்கில் நாங்கள் பெயின்ட்டால் போட்ட கோட்டிலிருந்து கூலன்ட் ஒரு விரல்கூட இறங்கவில்லை. மேலே எண்ணெய்ப் படலமும் இல்லை.

ஒரு கவலை மட்டும் மிச்சம். வெட் லைனரின் வெளிப்புறத்தை, மருந்து இல்லாத வெறும் தண்ணீர் குழி குழியாக அரிக்கும். இந்த வண்டி அப்படி இரண்டு மாதத்துக்கு மேல் ஓடியிருக்கிறது. அதனால் ஒவ்வொரு ஆயில் மாற்றத்திலும், வடிக்கும்போது ஆயிலுக்கு முன்னால் தண்ணீர் வருகிறதா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறோம். இதுவரை வரவில்லை.

எங்கள் பட்டறையில் மாற்றியவை

கூலன்ட் குறைகிறது, வெளியே ஒழுகல் இல்லை என்று எந்த லாரி வந்தாலும் முதல் வேலையாக ஏர் டேங்க் வடிகாலை வெள்ளைத் துணியில் பார்க்கிறோம். ஒரு நிமிட வேலை, கருவி எதுவும் வேண்டாம். முதல் நாளே செய்திருந்தால் எங்களுக்கு ஒன்றரை நாள் மிச்சம். பிப்ரவரியில் செய்திருந்தால் ஹெட் இறங்கியே இருக்காது.

பாட்டில் சோதனையை ஏர் மீட்டரைப் பார்த்துக்கொண்டே செய்கிறோம். ஒருவர் பாட்டிலிடம், ஒருவர் கேபினில். கம்ப்ரஸரோடு குமிழி சேர்ந்து வந்து சேர்ந்து நின்றால் ஒரு வழி. எப்போதும் வந்து, நீலத் திரவமும் நிறம் மாறினால் ஹெட் கேஸ்கெட், ஹெட் கீறல், இன்ஜெக்டர் ஸ்லீவ் (டீசல் பீச்சும் இன்ஜெக்டரைச் சுற்றியுள்ள உறை) என்று வேறு வழி. இஜிஆர் உள்ள வண்டி என்றால் அதன் கூலரையும் அந்த இரண்டாவது வழியில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். அங்கே வருவதும் எரிந்த வாயுதான்.

ஓட்டுநர் சொல்வதை அவர் சொன்ன சொற்களிலேயே ஜாப் கார்டில் எழுதுகிறோம். "ஓவர்ஹீட்" என்று ஒற்றைச் சொல்லில் சுருக்கியதால்தான் "இறக்கத்தில்" என்ற சொல் மூன்று மாதம் தொலைந்து போயிருந்தது.

அந்தப் பையன் இப்போது பாட்டில் சோதனையைத் தனியாகச் செய்கிறான். ஓட்டுநர் கேபினில் ஒரு வெள்ளைத் துணி வைத்திருக்கிறார். காலையில் டேங்க் வடிக்கும்போது அடியில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுக்கிறார்.